ருசி தெரியவில்லை என்றால் நாக்கைக் குறை சொல்லாதீர்கள்

"எதைச் சாப்பிட்டாலும் மண்ணு மாதிரி இருக்கு, நாக்கே செத்துப்போச்சு" என்று வீட்டில் ஒருவர் சொன்னால், நாக்கை நீட்டச் சொல்லிப் பார்ப்பதுதான் வழக்கம். அதற்கு முன் ஒன்றே ஒன்று கேளுங்கள்: ரசத்தில் உப்பு தூக்கலாக இருந்தால் தெரிகிறதா? "உப்பு தெரியுது, புளி தெரியுது, ஆனா ரசம் ரசமா இல்ல, காரம் போட்ட புளித்தண்ணியா இருக்கு" என்று பதில் வந்தால் நாக்கு ஒழுங்காகவே வேலை செய்கிறது. போனது மூக்கு. புளித்தண்ணியை ரசமாக்குவது சீரகம், பெருங்காயம், கொத்தமல்லித்தழை, நெய்த் தாளிப்பு இவற்றின் மணம். அந்த மணத்தை அறியும் வேலை நாக்குக்கு ஒருநாளும் இருந்ததில்லை.

ருசி என்று நாம் ஒரே சொல்லில் சொல்வதில் மூன்று புலன்கள் சேர்ந்திருக்கின்றன. நாக்கு அறியும் சுவை ஒன்று. மூக்கு அறியும் மணம் இன்னொன்று. மூன்றாவது வாய்க்குள் இருக்கும் தொடு உணர்வு: சூடு, குளிர்ச்சி, காரம், மொறுமொறுப்பு, வழவழப்பு எல்லாம் அதில் அடங்கும். மூன்றும் தனித்தனி நரம்புகள் வழியாக மூளைக்குப் போகின்றன. அதனால் ஒன்று கெட்டாலும் மற்றவை நன்றாக இருக்கலாம். எது கெட்டது என்று பிரித்துப் பார்க்காமல் பி காம்ப்ளெக்ஸ் மாத்திரையிலும் நாக்கு வழிப்பதிலும் மாதக்கணக்கில் காலம் கழிகிறது. தினமும் சில மணங்களை முகர்ந்து மூக்கைப் பழக்கும் மணப் பயிற்சிக்கு அதிகம் பலன் தரக்கூடிய முதல் மாதங்கள் அப்படியே போய்விடுகின்றன. இதைத் தவிர்க்கத்தான் இவ்வளவும் எழுதுவது.

காபித்தூள் சோதனை

வீட்டில் ஐந்து நிமிடத்தில் செய்துவிடலாம். கால் டீஸ்பூன் காபித்தூள், அரை டீஸ்பூன் சர்க்கரை இரண்டையும் கலந்து, நாலு சொட்டுத் தண்ணீர் விட்டுக் குழைத்துக்கொள்ளுங்கள். உலர்ந்த தூளை வாயில் போட்டால் புரையேறும்; அதற்குத்தான் தண்ணீர். சோதிக்கப்படுபவர் கண்ணை மூடிக்கொண்டு, கரண்டி பக்கத்தில் வருவதற்கு முன்பே மூக்கை இரு விரலால் இறுக்கிப் பிடிக்க வேண்டும். வாயில் வாங்கி, வாயை மூடி, ஐந்தாறு நொடி நாக்கில் புரட்டட்டும். அப்போது இனிப்பும் கசப்பும் மட்டும் தெரியும், காபி இருக்காது. பிறகு விழுங்கிவிட்டு, வாயைத் திறக்காமல், மூக்கைப் பிடித்த விரலை எடுத்து மூச்சை மூக்கு வழியாக வெளியே விடட்டும். நல்ல மூக்கு உள்ளவருக்கு அந்த ஒரு நொடியில் காபி வந்து நிற்கும். முதல் தடவை செய்து பார்ப்பவர்கள் திடுக்கிட்டுப் போவார்கள். இவ்வளவு காலமும் நாக்கில் இருந்ததாக நினைத்த காபி, தொண்டையின் பின்பக்கமாக மூக்குக்கு ஏறிய ஆவிதான் என்பது அப்போது புரியும்.

விரலை எடுத்த பிறகும் இனிப்பும் கசப்பும் மட்டுமே என்றால் மணம் போயிருக்கிறது. இனிப்பு, கசப்புகூடத் தெரியவில்லை என்றால் நாக்கையும் பார்க்க வேண்டும். மூக்கைப் பிடித்திருக்கும்போதே "காபி" என்று சொல்லிவிட்டால், மூக்கு சரியாக மூடவில்லை, அல்லது காபி என்று முன்பே தெரிந்திருக்கிறது. ஆகவே கலவையை இன்னொருவர்தான் தயாரிக்க வேண்டும். காபி, கோக்கோ, ஏலக்காய்த்தூள் என்று மாற்றி மாற்றி, பெயர் சொல்லாமல் கொடுக்க வேண்டும்.

பெரும்பாலானவர்கள் செய்யும் தவறு, தலைவலித் தைலத்தையோ நீலகிரித் தைலத்தையோ முகர்ந்து பார்த்து "எனக்கு வாசனை தெரியுதே" என்று முடிவுக்கு வருவது. மணம் முழுக்க இழந்தவருக்கும் தைலம் தெரியும். புதினா உப்பு, கற்பூரம், நீலகிரித் தைலம், அம்மோனியா, நறுக்கிய வெங்காயம் எல்லாம் மூக்கின் தொடு நரம்பையும் தட்டுகின்றன. முகத்தில் ஊசி குத்தினால் வலியைச் சொல்லும் அதே முப்பிரிவு நரம்புதான் அது. அவருக்குத் தெரிவது குளிர்ச்சியும் எரிச்சலும். பன்னீர், வெனிலா, காபித்தூள் போன்றவைதான் சோதனைக்கு ஏற்றவை. ஒரு துளையை மூடி மறுதுளையால், பிறகு மாற்றி என்று பாருங்கள். ஒரு பக்கம் மட்டும் தெரியாமல் இருப்பது முக்கியமான செய்தி. அதைப் பற்றிக் கீழே சொல்கிறேன்.

நாக்கைச் சோதிக்க 100 மி.லி. தண்ணீரில் இரண்டு டீஸ்பூன் சர்க்கரை. இன்னொரு 100 மி.லி.யில் கால் டீஸ்பூன் உப்பு; வேறொன்றில் ஒரு டீஸ்பூன் எலுமிச்சைச் சாறு; கசப்புக்குச் சர்க்கரை போடாத டிகாஷன். மூக்கைப் பிடித்தபடி, காது குடையும் பஞ்சுக்குச்சியால் நாக்கில் தடவி, ஒவ்வொன்றுக்கும் இடையில் வாய் கொப்பளிக்க வேண்டும். கசப்பைக் கடைசியில் வையுங்கள், அது நாக்கைவிட்டு லேசில் போகாது. நுனியில் இனிப்பு, ஓரத்தில் புளிப்பு, அடியில் கசப்பு என்று பள்ளியில் வரைந்த நாக்குப் படத்தை மறந்துவிடலாம். 1901இல் ஜெர்மனியில் ஹேனிஷ் என்பவர் கண்ட மிகச் சிறிய வேறுபாடுகளைப் பின்னால் வந்தவர்கள் பெரிதாக்கியதால் பிறந்த படம் அது. சுவை மொட்டு உள்ள இடமெல்லாம் எல்லாச் சுவையும் தெரியும். நாக்கின் நடுவில் மட்டும் தெரியாமல் போவது இயல்பு. அங்கே மொட்டுகள் குறைவு. நாக்கு முழுக்கச் சொரசொரப்பாக இருக்கும் நுண்ணிய முடிப்புகளில் சுவை மொட்டே கிடையாது. அவை உணவின் பதத்தைத் தொட்டுப் பார்க்க இருக்கின்றன.

நாக்கில் உண்மையாகவே குறை இருந்தால் காரணம் பெரும்பாலும் கண்ணுக்கு எட்டும் இடத்தில் இருக்கும்: வாய் உலர்ந்து போயிருக்கும், வெள்ளைப்படலமாகப் பூஞ்சை படர்ந்திருக்கும், ஈறு கெட்டிருக்கும், புதிதாக ஒரு மாத்திரை ஆரம்பித்திருப்பார்கள். மெட்ரோனிடசோல் சாப்பிடும் நாட்களில் வாயில் இரும்பு வாடை அடிப்பது பலருக்கும் தெரிந்ததே. சுவை மொட்டின் செல்கள் ஏறக்குறைய பத்து நாளில் புதுப்பிக்கப்படுவதால் காபி சுட்ட நாக்கு சீக்கிரம் தேறிவிடுகிறது. மாத்திரைதான் காரணமென்று சந்தேகம் வந்தால் மருத்துவரிடம் சொல்லி மாற்றுங்கள், தானாக நிறுத்த வேண்டாம்.

காரம் ஏன் போகவில்லை

மணம் போனவர்கள் மிளகாயைத் தேடுவார்கள். "காரம் மட்டும் தெரியுது, அதனால கூடப் போடு" என்பார்கள். அவர்கள் சொல்வது உடலியல்படி சரி. அறுசுவையில் கார்ப்பும் துவர்ப்பும் சுவை மொட்டுகளால் அறியப்படுபவை அல்ல. நாக்கு மொட்டுகள் அறிபவை இனிப்பு, புளிப்பு, உப்பு, கசப்பு, இவற்றோடு 1908இல் ஜப்பானின் இக்கேடா கிகுனாயே 'கொம்பு' என்ற ஜப்பானியக் கடற்பாசியின் சாற்றிலிருந்து பிரித்துக் காட்டிய உமாமி. கருவாட்டிலும் பழுத்த தக்காளியிலும் காளானிலும் அந்த உமாமி நிறைய உண்டு. வாழைப்பூவும் நெல்லிக்காயும் துவர்ப்பது, அவற்றிலுள்ள டானின் எச்சிலின் புரதத்தோடு ஒட்டி, வாய்க்குள் இருக்கும் வழுக்கலை எடுத்துவிடுவதால். காரமோ வெப்ப உணர்வு. மிளகாய்க்குக் காரம் தரும் கேப்சைசின் பற்றிக்கொள்ளும் ஏற்பியை, அதாவது தூண்டலை வாங்கிக்கொள்ளும் நரம்புப் புரதத்தை, 1997இல் டேவிட் ஜூலியஸ் குழு கண்டுபிடித்தது. அதே ஏற்பி ஏறக்குறைய 43 டிகிரி செல்சியஸுக்கு மேல் போகும் சூட்டையும் அறிகிறது. கொதிக்கக் கொதிக்கக் குடிக்கும் மிளகு ரசம், ஆறிய ரசத்தைவிட உறைப்பாக இருப்பது இதனால்தான். அழுத்தத்தை அறியும் ஏற்பிகளை 2010இல் ஆர்டெம் படபூட்டியன் குழு கண்டது. இருவரும் 2021இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்கள்.

காரம் அதிகமானால் தண்ணீர் குடித்துப் பயனில்லை, கேப்சைசின் தண்ணீரில் கரையாது. ஒரு வாய் தயிரோ பாலோ எடுத்து அரை நிமிடம் வாயில் வைத்திருந்து விழுங்கினால் பால் புரதம் அதைக் கழற்றிக்கொண்டு போகும்.

மூக்கில் என்ன நடந்திருக்கும்

மணம் அறியும் தோல், மூக்குத் துளைக்குள் உச்சியில், இரு கண்ணுக்கும் நடுவே, சில சதுர செ.மீ. அளவுக்குத்தான் இருக்கிறது. அங்குள்ள நரம்பு செல்களில் ஏறக்குறைய 400 வகை ஏற்பிகள் உண்டு. ஒவ்வொரு மணமும் பல ஏற்பிகளை வெவ்வேறு அளவில் தட்டும் ஒரு கோலம். இந்த ஏற்பிகளின் மரபணுக்களை 1991இல் லிண்டா பக்கும் ரிச்சர்ட் ஆக்சலும் வெளியிட்டார்கள். 2004இல் நோபல் கிடைத்தது. நமக்கு முக்கியம், இந்த நரம்பு செல்கள் வாழ்நாள் முழுக்க முளைத்துக்கொண்டே இருக்கின்றன என்பது. நம்பிக்கைக்கு இடம் இருப்பது அதனால்தான்.

குறை இரண்டு வகை. ஒன்று வழியடைப்பு: சளி, ஒவ்வாமை, சைனஸ், மூக்குச் சதை. காற்று மேலே ஏறாததால் மணம் இல்லை. சில நாள் வரும், சில நாள் போகும். இன்னொன்று நரம்புப் பக்கம்: வைரஸ் காய்ச்சல், தலையில் அடி, முதுமை, பார்க்கின்சன் நோய். கோவிட் வந்தபோது மூக்கு துளியும் அடைக்காமல் மணம் பட்டென்று போனது பலரைக் குழப்பியது. அந்த வைரஸ் முக்கியமாகத் தாக்கியது நரம்பு செல்களை அல்ல, அவற்றைத் தாங்கி ஊட்டும் துணை செல்களை. அதனால்தான் நிறையப் பேருக்குச் சில வாரங்களில் திரும்பியது.

நீராவி பிடிப்பது அடைப்பைக் கொஞ்சம் இளக்கும், நரம்புக்கு ஒன்றும் செய்யாது. கொதிநீர்ப் பாத்திரம் சாய்ந்து வெந்துபோன தொடைகள்தான் மிச்சம். மூக்கைக் கழுவுவதென்றால் நன்றாகக் கொதிக்கவைத்து ஆறிய 250 மி.லி. தண்ணீரில் அயோடின் சேர்க்காத உப்பு அரை டீஸ்பூனுக்குச் சற்றுக் குறைவாக, ஒரு சிட்டிகை ஆப்ப சோடா. உப்பில்லாத தண்ணீர் மூக்கில் சுரீரென்று எரியும். குழாய்த் தண்ணீரைக் கொதிக்கவைக்காமல் ஒருபோதும் மூக்கில் விடக்கூடாது. மூளையைத் தாக்கும் அமீபா உள்ளே போகும் வழி அதுதான். மருத்துவர் ஸ்டீராய்டு ஸ்பிரே எழுதியிருந்தால் தலையை லேசாகக் குனிந்து, வலக்கையால் இடத் துளைக்கும் இடக்கையால் வலத் துளைக்கும், முனை நடுத்தண்டைப் பார்க்காமல் அதே பக்கத்துக் காதைப் பார்க்குமாறு அடிக்க வேண்டும். நடுத்தண்டில் அடித்து அடித்து ரத்தம் வந்ததும் மருந்தையே விட்டுவிடுபவர்கள் அதிகம். துத்தநாகம் கலந்த மூக்கு ஜெல், எண்ணெய்ச் சொட்டு எதையும் தானாக விடாதீர்கள். அப்படிப்பட்ட ஜெல்லால் மணம் போனவர்கள் உண்டு. 2009இல் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் அதற்காகவே எச்சரிக்கை விட்டது.

ஒரு பக்கம் மட்டும் மணம் போனால், ஒரு பக்கம் மட்டும் ரத்தமோ அடைப்போ இருந்தால், தலையில் அடிபட்டபின் மூக்கில் தெளிந்த நீர் சொட்டினால், பார்வை மங்கலோ விடாத தலைவலியோ சேர்ந்தால், உடனே காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் போங்கள். இவை எதுவும் இல்லாமல் சளி விட்டு ஒரு மாதம் ஆகியும் மணம் வரவில்லை என்றாலும் போய்க் காட்டுங்கள்.

மணப் பயிற்சி

2009இல் ஜெர்மனியின் டிரெஸ்டனில் தாமஸ் ஹும்மல் குழு வெளியிட்ட முறை இது. ரோஜா, நீலகிரித் தைலம், எலுமிச்சை, கிராம்பு என நான்கு மணங்கள், காலையிலும் இரவிலும், குறைந்தது 12 வாரம். நான்கும் நம் ஊரில் எளிதில் கிடைப்பவை. ஊட்டித் தைலம் எல்லார் வீட்டிலும் இருக்கும், பல்வலிக்கு வைத்திருக்கும் கிராம்பு எண்ணெய் மருந்துக்கடையில் கிடைக்கும்.

மூடியுள்ள நான்கு சிறு கண்ணாடிப் புட்டிகள் எடுங்கள், பழுப்பு நிறமானால் நல்லது. பிளாஸ்டிக் வேண்டாம், எண்ணெய் அதில் ஊறி எல்லாம் ஒரே வாடையாகிவிடும். ஒவ்வொன்றிலும் ஒரு பஞ்சுருண்டை, அதில் 15 முதல் 20 சொட்டு எண்ணெய். பெயர் எழுதி ஒட்டுங்கள். மூக்கிலிருந்து இரண்டு மூன்று செ.மீ. தள்ளிப் பிடித்து, சின்னச் சின்னதாக, முயல் மோப்பம் பிடிப்பதுபோல, 10 முதல் 20 நொடி. மூச்சை இழுத்துப் பிடித்தால் எரிச்சல்தான் தெரியும். அடுத்த புட்டிக்கு முன் அரை நிமிடம் இடைவெளி. மொத்தம் ஐந்து நிமிட வேலை. முகரும்போது அந்த மணத்தை மனத்தில் கொண்டுவர வேண்டும்: எலுமிச்சையைப் பிழியும்போது தோலிலிருந்து தெறிக்கும் அந்தப் பொடிச்சாரல், பொங்கலில் கடிபட்ட கிராம்பு. தொலைக்காட்சி பார்த்துக்கொண்டே முகர்ந்தால் மூக்குக்கு மட்டும் வேலை, மூளைக்கு இல்லை.

பயிற்சி எங்கே கெடுகிறது என்றால், பெரும்பாலும் மூன்றாவது நான்காவது வாரத்தில். ஒன்றும் தெரியவில்லையே என்று விட்டுவிடுவார்கள். மாற்றம் மாதக் கணக்கில்தான் தெரியும். ஞாயிறுதோறும் ஒவ்வொரு புட்டிக்கும் பூஜ்யத்திலிருந்து பத்துக்குள் ஒரு எண் எழுதிவையுங்கள், நினைவை நம்பாதீர்கள். இன்னொரு குறை, புட்டியில் மணமே மாண்டிருக்கும். மணம் தெரியாதவருக்கு அது எப்படித் தெரியும்? வீட்டில் மூக்கு நன்றாக உள்ளவர் மாதம் ஒருமுறை திறந்து பார்த்துச் சொல்ல வேண்டும். மூன்று மாதத்தில் எப்படியும் பஞ்சை மாற்றிவிடலாம். 12 வாரம் முடிந்ததும் மல்லிகை, ஏலக்காய், ஆரஞ்சுத் தோல், காபி என்று வேறு நான்குக்கு மாறித் தொடர்வது நல்லது. ஊதுபத்தி, சாம்பிராணி வேண்டாம், புகை மூக்கை உறுத்தும். தைலப் புட்டிகளைக் குழந்தை கைக்கு எட்டாமல் வையுங்கள். நீலகிரித் தைலம் சிறிதளவு வயிற்றுக்குள் போனாலும் குழந்தைகளுக்கு வலிப்பு வரலாம்.

எல்லாருக்கும் முழுதாகத் திரும்பும் என்று சொல்ல மாட்டேன். வைரஸால் போனவர்களுக்கு வாய்ப்பு அதிகம். தலையில் அடிபட்டு நரம்பிழைகள் அறுந்தவர்களுக்குக் குறைவு.

நடுவில் ஒரு கட்டம் வரும், இதை முன்கூட்டியே சொல்லிவைக்காவிட்டால் பயந்துபோவார்கள். மணம் போய் இரண்டு மூன்று மாதம் கழித்து, காபியும் வதக்கிய வெங்காயமும் பூண்டும் முட்டையும் வறுத்த கோழியும் அழுகல் போல, சாக்கடை போல நாற ஆரம்பிக்கும். வீட்டில் தாளிப்பு விழுந்தால் எழுந்து வெளியே ஓடுவார்கள். வறுக்கும்போது பிறக்கும் கந்தகச் சேர்மங்கள் மிகமிகச் சிறிய அளவிலேயே மூக்குக்கு எட்டக்கூடியவை. புதிதாக முளைக்கும் நரம்புகள் அவற்றைப் பாதிக் கோலமாக அனுப்புவதால் மூளை தப்பாகப் படிக்கிறது. ஆனாலும் இது பெரும்பாலும் நரம்பு மீண்டும் வேலை செய்யத் தொடங்கியதன் அடையாளம். அந்த நாட்களில் "நல்லாத்தானே மணக்குது" என்று வற்புறுத்தாதீர்கள், அவருக்கு அது உண்மையாகவே நாறுகிறது. வறுத்ததும் வதக்கியதும் விலக்கி, ஆவியில் வெந்ததும் ஆறியதும் கொடுங்கள்: இட்லி, இடியாப்பம், குளிர்ந்த தயிர்சாதம், வெள்ளரி, பழம். சூடு குறைந்தால் ஆவி குறையும், நாற்றமும் குறையும்.

அடுப்படியில் உடனே செய்ய வேண்டியவை

சமையல் எரிவாயுவுக்கு இயற்கையில் மணம் கிடையாது. கசிந்தால் தெரியட்டும் என்றுதான் எத்தில் மெர்காப்டன் சேர்க்கிறார்கள். மணம் தெரியாதவர் தனியாக இருக்கும் வீட்டில் அந்தப் பாதுகாப்பு இல்லை. எரிவாயு கசிவு அலாரம் ஒன்று வாங்கிப் பொருத்துங்கள். இடம் முக்கியம்: சிலிண்டர் வாயு காற்றைவிடக் கனமானது, தரையோடு படியும்; ஆகவே அலாரம் தரையிலிருந்து ஏறக்குறைய 30 செ.மீ. உயரத்தில் இருக்க வேண்டும். குழாய் வழியே வருவது இயற்கை எரிவாயு, அது லேசானது. அங்கே கூரைக்குப் பக்கத்தில். இதை மாற்றிப் பொருத்தினால் அலாரம் இருந்தும் இல்லாததுதான். இரவு ரெகுலேட்டரை மூடுவதைப் பழக்கமாக்குங்கள். புது சிலிண்டர் மாட்டியதும் இணைப்பில் சோப்பு நுரை தடவிக் குமிழி வருகிறதா என்று பாருங்கள். அலாரம் அடித்தால் சுவிட்ச் எதையும் போடவும் வேண்டாம், அணைக்கவும் வேண்டாம். கதவு ஜன்னலைத் திறந்து, ரெகுலேட்டரை மூடி, வெளியே வந்தபின் 1906 என்ற எரிவாயு கசிவு அவசர எண்ணுக்கு அழையுங்கள்.

கெட்டுப்போன சாப்பாடு அடுத்த ஆபத்து. ஊசிய சாம்பார், திரிந்த தேங்காய்ச் சட்னி எல்லாம் நமக்கு மோந்த மாத்திரத்தில் தெரியும், அவருக்குத் தெரியாது. குளிர்பெட்டியில் வைக்கும் ஒவ்வொன்றிலும் நாள் எழுதி ஒட்டுங்கள். சமைத்தது இரண்டு மணி நேரத்துக்குமேல் வெளியே கிடந்தால் சந்தேகப்படாமல் கொட்டிவிடுங்கள்.

உப்பு, சர்க்கரையைக் கையளவாகப் போட விடாதீர்கள். மணம் போன சமையல்காரர் ருசியைத் தேடித் தேடி இரண்டையும் ஏற்றிக்கொண்டே போவார். ரத்த அழுத்தமும் சர்க்கரையும் உள்ள வீட்டில் இது சத்தமில்லாமல் நடக்கும். உலக சுகாதார நிறுவனம் சொல்வது ஆளுக்கு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குக் குறைவான உப்பு. அதாவது தலைதட்டிய ஒரு டீஸ்பூனுக்கும் குறைவு, அதிலேயே ஊறுகாயும் அப்பளமும் அடக்கம். டீஸ்பூனால் அளந்து போடட்டும், ருசி பார்ப்பதை வேறொருவர் செய்யட்டும்.

அவருக்காகச் சமைக்கும்போது மீதியுள்ள இரண்டு புலன்களுக்கும் பரிமாறுங்கள். தட்டில் குழைவாக எல்லாம் ஒன்றுபோல இருந்தால் மூன்று கவளத்தில் எழுந்துவிடுவார். வெந்த பருப்புக்குப் பக்கத்தில் நறுக்கென்று கடிபடும் கேரட் கோசம்பரி, குளிர்ந்த தயிருக்கு மேல் மாதுளை முத்து, சூடான சாதத்துக்குத் துருவிய மாங்காய், ஒரு துண்டு இஞ்சி. எலுமிச்சையைக் கடைசியில், இலையில் பிழியுங்கள். வறுத்த நிலக்கடலையைப் பொடிக்காமல் முழுதாகப் போடுங்கள். அப்பளம் பொரிப்பதானால் அவர் உட்கார்ந்த பிறகு பொரித்துச் சூட்டோடு வையுங்கள். நொறுங்கும் சத்தம் காதுக்கு எட்டும்வரைதான் அதற்கு ருசி.